பகல் பதினொரு மணிக்கு இருட்டும் ஊர்

கோவையில் நான் கண்ட முதல் ஞாயிற்று மறைவு முற்பகல் பதினொரு மணிக்கு நிகழ்ந்தது. மேற்கே ஆலைப் புகைபோக்கிகளின் பின்னால் கதிரவன் இறங்கினான். வானம் சிவந்து பின் கருத்தது. என் வலப்பக்கத்தில் இருந்த பெரியவர் கொட்டாவி விட்டார். இடப்பக்கத்து அம்மையார் மாலை விளக்கு ஏற்றியதாகவே எண்ணிக் கை குவித்தார். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே குளிரூட்டிய இருள். இந்த நேர்மையான ஏமாற்று வேலைக்குக் கோளரங்கு என்று பெயர்.

நான் மலாய் நாட்டு ஈப்போ நகரில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தூய தமிழில் எழுதுவதும், அவ்வாறு எழுதாதவர்களைத் திருத்துவதும் என் ஓய்வுக்காலப் பணிகள். ஆகவே நண்பர்கள் குறைவு.

எங்கள் தலைநகரில் புதிதாக ஒரு கோளரங்கு எழும்பியிருந்தது. அதில் மலாயிலும் ஆங்கிலத்திலும் காட்சிகள் நடந்தன. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு காட்சி வேண்டும் என்று ஈராண்டுக் காலம் மடல் மேல் மடல் எழுதினோம். எங்கள் கையெழுத்தைக் கண்டாலே அஞ்சும் நிலைக்கு வந்த பிறகு, ஒரு சனிக்கிழமையில் அரை மணி நேரம் தந்தார்கள். அது வெள்ளோட்டம். பிள்ளைகள் விரும்பிக் கேட்டால் தொடரலாம். சலித்து நெளிந்தால் அத்துடன் கதை முடிந்தது. அந்த அரை மணிக்குத் தமிழ் உரை பதிந்த ஒலிநாடா ஒன்று வேண்டியிருந்தது.

கோவைக்கு வெளியே, நீரிறைக்கும் பொறிகள் செய்யும் ஆலை ஒன்றின் அறக்கட்டளை தன் வளாகத்தில் சிறு கோளரங்கு நடத்தி வருவதை அறிந்தேன். உரையை நானே எழுதி முந்தைய ஆண்டே அஞ்சலில் அனுப்பி வைத்தேன். "தங்கள் உரையை நாள்தோறும் வாசிக்கிறோம், மக்கள் மிகவும் மகிழ்கிறார்கள்" என்று மறுமொழி வந்தது. வானம் சுழலும் வேகத்துக்கு இசைய அரங்கிலேயே அதை வாசிக்கச் செய்து, நாடாவில் பதிந்து கொண்டு திரும்புவதே என் பயணத்தின் நோக்கம். ஊர் சுற்றுவது நோக்கமன்று என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர்கள் நம்பவில்லை.

முதல் நாள் காலை, அறக்கட்டளையின் பொறுப்பாளர் நாச்சிமுத்து தம் வீட்டில் என்னைப் பசியாற அமர்த்தினார். ஐம்பது வயதினர்; தோட்டமும் உண்டு, ஆலையில் பங்கும் உண்டு. இலையில் சந்தகை வந்தது. புழுங்கலரிசி மாவை வேகவைத்துப் பொறியிலிட்டுப் பிழிந்த நூல். இடியாப்பத்துக்கு நெருங்கிய உறவு. ஆனால் உறவினரைவிட மென்மையானது. மேலே தேங்காய்ப்பாலும் வெல்லமும்.

"இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க" என்றார் நாச்சிமுத்து.

"போதும் ஐயா. வயிறு நிறைந்துவிட்டது."

"அதெல்லாம் நெறையாதுங்க. அம்மணி, ஐயாவுக்குப் பாலு ஊத்து."

அம்மணி என்று அழைக்கப்பட்ட அவருடைய மனைவி ஊற்றினார். எங்கள் ஊரில் 'போதும்' என்றால் போதும். கொங்கு நாட்டில் அச்சொல் பசியின் முதல் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. ஒன்பதாவது சந்தகைக்குப் பிறகு நான் பேசுவதை நிறுத்திக் கொண்டேன். அதையும் பசி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கோளரங்கு ஆலையின் பின்புறம் இருந்தது. வெளியிலிருந்து நோக்கினால் கவிழ்த்துவைத்த பெரிய அண்டா. உள்ளே எண்பது சாய்விருக்கைகள். நடுவில் இரண்டு உருண்டைத் தலைகள் கொண்ட ஓர் எறும்பைப் போல விண்மீன் காட்டும் பொறி. பொறி அயல்நாட்டது, அதைத் தாங்கும் இரும்புக் கால்கள் இவ்வாலையில் வார்த்தவை. கால்கள் மட்டும் இன்னும் முந்நூறு ஆண்டுகள் நிற்கும் என்றார் நாச்சிமுத்து. அந்தப் பெருமிதத்தில் விண்மீன்களுக்குப் பங்கில்லை.

காட்சிகளுக்கு விளக்கம் சொல்பவர் செல்வராணி என்னும் அம்மையார். நாற்பதை நெருங்கியவர், பல்லடத்துப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பம், தாய் தந்தையர் பிறர் காட்டில் கூலிக்கு உழைத்தவர்கள், இவர் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "உங்க எழுத்தப் படிக்கறதே பாக்கியம்ங்க" என்றார். அவர் முகத்தில் இருந்ததை நான் அடக்கம் என்று எண்ணினேன். அச்சம் என்று பின்னர் அறிந்தேன்.

அன்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து இரண்டு பேருந்துகளில் உழவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றுமாறு எந்தப் பலகையும் சொல்லவில்லை. ஆயினும் அனைவரும் வாயிலில் கழற்றிவிட்டே நுழைந்தார்கள். கூரை வளைந்திருந்தால் உள்ளே ஏதேனும் கடவுள் இருக்கக்கூடும் என்ற முன்னெச்சரிக்கை. நானும் கழற்றினேன்.

இருள் சூழ்ந்தது. செல்வராணி அம்மையார் ஒலிவாங்கியில் என் உரையைத் தொடங்கினார்:

"விசும்பின் விரிபரப்பில் எண்ணிறந்த சுடர்க்கணங்கள் நிரல்பட நின்று ஒளிர்தலைக் காண்மின்!"

ஒரு பிழையில்லை. றகரம் றகரமாக ஒலித்தது. ழகரம் ழகரமாகவே வந்தது. இருளில் என் கண்கள் கசிந்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஐந்தாவது மணித்துளியில் வலப்பக்கத்துப் பெரியவரிடமிருந்து குறட்டை எழுந்தது. முதலில் அதைப் பொறியின் ஓசை என்று கருதினேன்.

காட்சி முடிந்து வெளியே வந்தவர்களிடம் கருத்துக் கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார் குறட்டைப் பெரியவர்.

"எந்தப் பகுதி தங்களைக் கவர்ந்தது?"

"எல்லாமேதானுங்க." சற்று எண்ணிப் பார்த்து, "சீட்டு நல்லா மெத்துமெத்துன்னு இருந்துச்சுங்க" என்று சேர்த்துக் கொண்டார்.

கைகுவித்த அம்மையாரைக் கேட்டேன். "அருமைங்க. உள்ள நல்லா குளுகுளுன்னு வெச்சிருக்கறாங்க. நீங்க எந்த ஊருங்க? சாப்டீங்களா?" என்றார். நான் சாப்பிட்டதைப் பற்றி நெடுநேரம் உரையாடினோம். விண்வெளி அதில் இடம்பெறவில்லை.

இரண்டாம் நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. முதலில் மாடியில் தொலைநோக்கி. அதன் வழியே கதிரவனை நேரே நோக்கினால் கண் போய்விடும் என்பதால், அவன் உருவத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழச் செய்து காட்டினார் செல்வராணி அம்மையார். தட்டளவு ஒளிவட்டம், அதில் ஊசிமுனை அளவில் இரண்டு கரும்புள்ளிகள்.

பிள்ளைகளோடு துணைக்கு வந்திருந்த பள்ளி ஆயா குனிந்து பார்த்தார். "ஏனுங்க, சூரியனுக்கும் திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்கறாங்களா?"

"ஆமாங்க ஆயா, பின்ன? இத்தன கோடிப் பேரு கண்ணு படுதுல்லீங்க" என்றார் செல்வராணி அம்மையார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நம் நிலவுலகையே விழுங்கத்தக்கது என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்று, அட்டையைச் சுற்றி முட்டி மோதினார்கள். ஒருத்தி விரலால் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். சுடுகிறதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். சுடுகிறது என்று கூசாமல் சொன்னாள்.

அதே பிள்ளைகள் அரங்கினுள் என் உரையைக் கேட்டபோது ஓர் ஓசையும் எழவில்லை. எனக்கு முதன்முறையாக ஐயம் எழுந்தது.

"புள்ளைக சத்தமே போடலீங்களே, அதுவே பெரிசுங்க" என்று அவர்களுடைய ஆசிரியை என்னைத் தேற்றினார். நான் தேறவில்லை. நாற்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் நான். கேட்கும் பிள்ளையின் அமைதி வேறு. சிறைப்பட்ட பிள்ளையின் அமைதி வேறு.

வாயிலில் கருத்துப் பதிவேடு ஒன்று இருந்தது. அந்த இரண்டு நாள்களின் பக்கங்களைப் புரட்டினேன். 'மிக அருமை.' 'ஏசி நன்றாக உள்ளது.' 'கழிப்பறை தூய்மை.' 'உபசரிப்பு மறக்க முடியாதது.' எழுதியவர்கள் அனைத்தையும் புகழ்ந்திருந்தார்கள், உரையைத் தவிர.

"நாளை பதிவை வைத்துக் கொள்ளலாமா?" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டேன்.

அவரும் செல்வராணி அம்மையாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள்.

"நாளைக்கு மிசினுக்கு ஓய்வுங்க" என்றார் நாச்சிமுத்து. "ரெண்டு நாளா சேந்தாப்புல ஓடிருச்சு, சூடாயிருமுங்க. நீங்க மேட்டுப்பாளையம் போயி மலை ரயிலேறிப் பாத்துட்டு வாங்க. நாளானைக்குப் பதிஞ்சுக்கலாமுங்க."

"எத்தனை காட்சி ஓடினால் சூடாகும்?"

"அது... மிசினப் பொறுத்துங்க" என்றார்.

மூன்றாம் நாள் விடியலில் மேட்டுப்பாளையம் சேர்ந்தேன். மலைத்தொடர்வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறதென்று நிலையத்துக்கு எதிரே குளம்பி அருந்தச் சென்றேன். "குளம்பி ஒன்று" என்றேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு நோக்கி, "காப்பிதானுங்களே?" என்றார். வந்த குளம்பி எரிமலைக் குழம்பின் சூட்டில் இருந்தது. அதை ஆற்றிக் கொண்டிருக்கையில் வண்டி கூவிக்கொண்டு புறப்பட்டது. அது மனிதர் நடக்கும் வேகத்தில்தான் சென்றது. நான் அதனினும் மெதுவாக ஓடினேன்.

திரும்பும் பேருந்தில் பயணச்சீட்டில் இருந்த ஒற்றுப்பிழையை எழுதுகோலால் திருத்திக் கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் இரு பெண்கள் மலையாளத்தில் பேசிக் கொண்டார்கள். ஒருத்தி, "அந்தக் கிழவர் சீட்டில் என்ன எழுதுகிறார்?" என்றாள். மற்றவள், "முகவரியாயிருக்கும், தொலைந்து போனால் யாராவது வீடு கொண்டு சேர்க்கட்டும் என்று வீட்டார் சொல்லியிருப்பார்கள்" என்றாள். மலையாளம் எனக்கு விளங்கும். அவர்கள் இறங்கும் வரை விளங்காதவனாகவே இருந்தேன்.

காரமடை தாண்டியதும் பேருந்து ஒரு நெடும்பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துநர் இறங்கி, சக்கரத்தை ஒரு முறையும் வானத்தை ஒரு முறையும் பார்த்துவிட்டு மரநிழலில் அமர்ந்தார். அரை மணி கழித்து, மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து கேரட் மூட்டைகளோடு வந்த சரக்குந்து ஒன்றை நிறுத்தி ஏறினேன்.

"எங்கீங்க போகோணும்?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"கோளரங்கிற்கு."

"அப்பிடி ஒரு ஸ்டாப்பிங் இல்லீங்களே."

"அந்த மோட்டார் ஆலை. உருண்டைக் கூரை."

"அட, நட்சத்திரம் காட்டற ஊடுங்களா! அங்க ஒரு அம்மா என்னமா பேசுதுங்க! என்ற சம்சாரம் மூணு தடவ போயிருக்குது. ஏறுங்க, ஏறுங்க."

முன்னிருக்கையில் ஏற்கெனவே மூவர் இருந்ததால் நான் கேரட்டோடு வந்தேன். மூன்று தடவை செல்லத்தக்க அப்படி என்ன இருக்கிறது என்று மூட்டை மேல் அமர்ந்து எண்ணிக் கொண்டே வந்தேன். என் உரையை ஒருவர் மூன்று முறை கேட்டார் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஓய்வில் இருக்க வேண்டிய கோளரங்கின் முன்னே பல்லடத்துப் பேருந்துகள் இரண்டு நின்றன. வாயிலில் செருப்புகள் குன்றுபோல் கிடந்தன. உள்ளிருந்து சிரிப்பொலி வந்தது. காவலர் உணவுப்பொதி பிரிப்பதில் ஆழ்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி விட்டுத் திரையை விலக்கி, இருளில் தடவித் தடவிக் கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் மோந்து பார்த்து, "ஏனுங்க, மண்டியிலிருந்து வாரீங்களா?" என்றார். ஆமென்று தலையசைத்தேன். இருளில் அது தெரிந்திராது, மணம் போதுமானதாயிருந்தது.

"இப்ப கெழக்கால பாருங்க" என்றது செல்வராணி அம்மையாரின் குரல். ஆனால் இரண்டு நாளும் நான் கேட்ட குரலன்று. "இவருதான் சனி. சனியப் பாத்தாப் பயப்படறவங்க எல்லாம் கையத் தூக்குங்க. இருட்டுதானுங்க, ஒருத்தருக்கும் தெரியாது, தூக்குங்க!"

சலசலப்பு. என் பக்கத்துக்காரர் கை தூக்கும்போது முழங்கை என் காதில் இடித்தது.

"இத்தன பேருங்களா! செரி, கேட்டுக்குங்க. ஏழர வருசம் புடிச்சு ஆட்டறாரேன்னு பயப்படறீங்களே, அவரு வெறும் காத்துங்க. அவரு அகலத்துக்கு ஒரு கெணறு வெட்டித் தண்ணி உட்டு, உள்ள தூக்கிப் போட்டீங்கன்னா, தக்கையாட்டமா மெதப்பாருங்க!"

அரங்கு அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல், "அம்மணி, அப்ப எங்க பி.ஏ.பி. வாய்க்கால்ல உட்டா அடுத்த ஊருக்குப் போய்ச் சேந்துருமுங்களா?"

"உங்க வாய்க்கால்ல மொதல்ல தண்ணி வரட்டுங்க. அப்பறம் சனியப் பத்திப் பேசலாம்."

"அது வாராததே அவராலதானுங்க!" என்றாள் ஒரு பெண். மீண்டும் அதிர்ந்தது.

நிலவுக்குப் பல்லடத்துப் பேருந்தில் சென்றால், தேநீருக்கு நிறுத்தாமலே ஓராண்டுக்கு மேலாகும் என்றார். வெள்ளியின் மேல் ஈயம் உருகிக் குழம்பாகும். கோவையின் உலைகளெல்லாம் அதன் முன் சமையல் அடுப்பு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ஒரு மீன மட்டும் பாருங்க. இதுல இருந்து வெளிச்சம் கெளம்பறப்ப இங்க இருக்கற யாரும் பொறக்கலீங்க. உங்க கண்ணுல உழுகோணும்னே அத்தன தூரம் நடந்து வந்திருக்குது. கொஞ்ச நேரம் சும்மா அதப் பாருங்க" என்றார்.

எண்பது பேரும் பார்த்தார்கள். ஓர் ஓசையில்லை. அது நான் முன்னர்ச் சொன்ன முதல் வகை அமைதி.

விளக்கு வருமுன் நழுவிவிட எண்ணினேன். செருப்புக் குன்றில் என் ஈப்போச் செருப்பு அகப்படவில்லை. எண்பது இணைகளைக் கிளறிக் கொண்டிருந்தபோது கூட்டத்துக்கு முன்பாகச் செல்வராணி அம்மையார் வெளியே வந்துவிட்டார்.

"ஐயா... மேட்டுப்பாளையம் போகலீங்களா?"

"போனேன். வந்தேன். பொறி சூடாகவில்லை போலும்."

அவர் தலை குனிந்தார். கூட்டம் எங்களைக் கடந்து சென்றது. "சூப்பருங்க அம்மணி, அடுத்த மாசம் மாமியாளக் கூட்டியாரேன்" என்று ஒருத்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். இருக்கையைப் பற்றியோ குளிர்ச்சியைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை.

கூட்டம் கலைந்த பின் செல்வராணி அம்மையார் சொன்னார்: "மொத வாரம் உங்க எழுத்து அப்பிடியே படிச்சேனுங்க. ஒருத்தர் ஒரு குத்தம் சொல்லலீங்க. எல்லாரும் அருமைன்னாங்க. அடுத்த வாரம் ஆளே வரலீங்க. அப்பறந்தான் என்ற வாய்க்கு வந்தத..." நிறுத்தினார். "நீங்க வந்தா மட்டும் உங்களோடதப் படிக்கோணும்னு அண்ணஞ் சொல்லிட்டாருங்க. அத்தன தூரத்துல இருந்து வந்த விருந்தாளி, மனசு நோகக்கூடாதுங்களே."

அண்ணன் என்றது நாச்சிமுத்துவை. ஆக, என் மனம் நோகாதிருக்கக் கோபி உழவர் இரு பேருந்தினரும் ஒரு பள்ளியும் நொந்திருக்கிறார்கள். என்னை உதகைக்கு அனுப்பிவிட்டுத்தான் பல்லடத்தாரைக் காப்பாற்ற முடிந்தது. இத்தகைய கொடிய மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை.

"நாளை நீங்கள் இன்று பேசியவாறே பேசுங்கள். அதையே பதிந்து கொண்டு போகிறேன்" என்றேன்.

"ஐயையோ, வேண்டாமுங்க!" அவர் உண்மையாகவே பின்வாங்கினார். "இது எங்கம்மா களையெடுக்கறப்ப வரப்புல பேசுன பேச்சுங்க. இங்க இருக்கறவங்ககிட்டப் பேசலாம். வெளிநாட்டுப் பள்ளிக்கொடத்துல போட்டுக் கேக்க வெச்சா என்ற மானம் போயிருமுங்க. காலேசுல ஒருதடவ இப்பிடிப் பேசிப்போட்டு மூணு வருசம் வாயத் தொறக்காம இருந்தேன். உங்க எழுத்தத்தான் படிப்பேன்."

எவ்வளவோ சொன்னேன். "செரிங்க, செரிங்க" என்றார். 'செரிங்க' என்பது இணக்கமன்று என்பதை மூன்று நாளில் கற்றிருந்தேன். செருப்பை அவரே கண்டெடுத்துத் தந்தார்.

அன்று மாலை நாச்சிமுத்து ஒரு தட்டு நிறைய ஒப்புட்டுடன் என் அறைக்கு வந்தார். தேங்காயும் வெல்லமும் உள்ளே வைத்து நெய்யில் வாட்டியது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆறு ஒப்புட்டுகளாக வந்தது. உண்டேன்.

நான்காம் நாள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களும் அன்னூரிலிருந்து வந்த ஒரு பேருந்தினரும் அரங்கில் நிறைந்திருந்தனர். என் ஒலிப்பதிவுப் பொறியை நடுவிருக்கையில் வைத்து அதன் பக்கத்தில் அமர்ந்தேன். மறுநாள் நான் ஊர் திரும்ப வேண்டும்; வேறு நாள் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. கதிரவன் தன் வழக்கப்படி பதினொரு மணிக்கு மறைந்தான்.

"விசும்பின் விரிபரப்பில் எண்ணிறந்த சுடர்க்கணங்கள்..."

அழகாகத்தான் எழுதியிருந்தேன். அதை இன்றும் சொல்வேன். ஆனால் தலைகள் ஒவ்வொன்றாக இருக்கையில் சாய்வது மங்கலாகத் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளின் தலைகளும் இவ்வாறே சாயும். அரங்கத்தார் கதவோரம் நின்று பார்ப்பார்கள். இனித் தமிழில் வேண்டாம் என்று பணிவோடு மடல் வரும். இங்கிருப்பவரில் எவரும் வாய் திறக்கப் போவதில்லை. இவர்கள் நன்கு வளர்க்கப்பட்டவர்கள். அரங்கில் பண்பு கெட்டவன் ஒருவன் தேவைப்பட்டான். அப்பணிக்கு வேறு ஆளில்லை.

எழுந்து நின்றேன். மூன்று நாளாகக் காதில் விழுந்த ஒலியை எல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து, சரக்குந்து ஓட்டுநரின் குரலில் கத்தினேன்:

"ஏனுங்க! ஒண்ணும் புரியலீங்க!"

அறுபத்தெட்டு ஆண்டில் நான் பேசிய முதல் கொச்சைத் தொடர் அது.

"யாருங்க அது?" செல்வராணி அம்மையாரின் குரல் பதறியது. "சத்தம் போடாதீங்க. எழுதுன ஐயா இங்கதானுங்க உக்காந்திருக்காரு. மனசு சங்கடப்படுவாருங்க."

"அவரு பெரிய மனுசரு, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாருங்க" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஆனா, எங்களுக்கும் புரியலீங்க."

"ஆமாங்க. கூச்சப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தமுங்க" என்றாள் ஒரு பெண்.

"நான் தூங்கியே போட்டனுங்க" என்றார் இன்னொருவர், பெருமையோடு.

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது வரிசை வரிசையாகப் பரவி, கூரையில் மோதித் திரும்பி வந்தது. ஒலிவாங்கியில் நீண்ட மூச்சொன்று கேட்டது. தாள்களைக் கீழே வைக்கும் ஓசையும் கேட்டது.

"செரி, உடுங்க" என்றார் செல்வராணி அம்மையார். "பொழுது எறங்கிருச்சு. எல்லாரும் கழுத்த நல்லா சாச்சுக்குங்க. மேக்கால ஒருத்தரு பளபளன்னு நிக்கறாரு பாருங்க, அவருகிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்..."

சிவப்பு விளக்கு இறுதி வரை எரிந்தது.

காட்சி முடிந்ததும் நாடாவை அவருக்கே போட்டுக் காட்டினேன். நீங்கள் ஒப்பாவிடில் இதை இங்கேயே அழித்துவிடுவேன் என்றேன். தம் குரலைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக் கொண்டார். பாதியில் கையை எடுத்தார். சனி மிதந்த இடத்தில் தாமே சிரித்தார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் முடிவில். "ஒரே ஒரு பேச்சுங்க. மொதல்ல கத்தறது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. அத வெட்டக்கூடாது. நான் மட்டும் எதுக்குத் தனியா மானம் போகோணும்?"

வாக்குக் கொடுத்தேன்.

ஈப்போ திரும்பிய மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமை, எங்கள் தலைநகர்க் கோளரங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். இடையில் ஒரு பணியாளர் பதறி ஓடிவந்து கதவைத் திறந்து பார்த்தார். பிள்ளைகள் கூச்சலிடுவதாக எண்ணினாராம். அவர்கள் சனிக்குக் கை தூக்கிக் கொண்டிருந்தார்கள். தெரியாத சொற்கள் சில இருந்தன. தெரியாததைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் கொண்டார்கள். எவரும் எழுந்து ஓடவில்லை. முடிந்த பிறகும் எழவில்லை.

அரங்கத்தின் பொறுப்பிலிருந்த மலாய் இளைஞர் என் கையைப் பற்றினார். "அடுத்த சனிக்கிழமையும் அரை மணி தருகிறோம், ஐயா. ஒரேயொரு திருத்தம் மட்டும் செய்து கொள்ளலாமா? தொடக்கத்தில் யாரோ ஒரு முதியவர் குறுக்கிட்டுக் கத்துகிறார். அவரை நீக்கிவிடலாம்."

"இயலாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"அப்படி என்னதான் கத்துகிறார்?"

"தமக்கு ஒன்றும் புரியவில்லை என்கிறார்."

"யார் அவர்?"

"அந்த உரையை எழுதியவர்" என்றேன்.